பன்னிரண்டாவது ஊசி

வீட்டுக் கூடத்திலேயே தையல் வகுப்பு வைக்கப் போகிறோம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். துணியை எப்படி வெட்டுவது, எந்த நூல் கோப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கைவேலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் அதை விட்டுவிட்டு, நான் தடுமாறிய இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று சின்னது. இன்னொன்றை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

ஐம்பதுகளில் நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். என் வயதுதான். மிச்சம் விழுந்த துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, அடியில் மெல்லிசாகப் பஞ்சு பரப்பி, அதற்கும் கீழே ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவாள். க்வில்ட் என்று அவள் சொல்லித்தான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டேன். நான் அவளுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். அவள் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தாள். தைத்து முடித்ததும் ஊசிகளை எண்ணுவாள். "எண்ணாம கதவு தொறக்காதே" என்று அவளுடைய தமிழில் அதட்டுவாள். வாசலில் பால்காரர் நின்று கூப்பிட்டாலும் சரி, எண்ணி முடித்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

பிறகு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் வாடகைக்கு வீடு பார்த்து வந்தோம். கூடம் பெரிது, வெளிச்சமும் தாராளம். புதன்கிழமை மத்தியானங்களில் வகுப்பு வைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. என் வீட்டுக்காரர் சிரித்தார். "திருச்சி வெயில்ல பஞ்சு போட்ட விரிப்பா? பனையோலை விசிறி பின்னக் கத்துக்குடு, கூட்டம் அள்ளும்." ஆனால் சிமெண்டுத் தரையில் கைக்குழந்தையைப் போடுவதற்கு அதைவிட வசதியானது வேறு இல்லை. பிள்ளை பெற்ற பெண்களும் பெறப் போகிற பெண்களும் இருக்கிற வீதி அது. க்வில்ட் என்பது யார் வாயிலும் நுழையவில்லை. 'துண்டு மெத்தை' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். நான் வாத்தியார் ஆகிவிட்ட மிதப்பில் இருந்தேன். காகிதத்தில் சதுரம் வரைந்தேன், முக்கோணம் வரைந்தேன். பஞ்சில் எத்தனை வகை என்றேன், நூலில் எத்தனை வகை என்றேன். இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். அடுத்த புதன்கிழமை வந்தவர் ஒரே ஒருவர், ரங்கநாயகி மாமி. நாற்பது வயது. வீட்டுக்காரருக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

"மத்தவங்க எல்லாம் எங்க மாமி?" என்று கேட்டேன்.

"வரமாட்டா. ரெண்டு மணி நேரம் உபந்நியாசம் பண்ணினேளே, யாராவது ஒருத்தி கையில ஊசியைக் குடுத்தேளோ?"

சுருக்கென்றது. அன்றைக்கே மாமியையும் அழைத்துக்கொண்டு ஐந்து வீடுகளுக்கும் போனேன். "அடுத்த வாரம் வாங்க, உட்கார்ந்த உடனே தைக்கலாம்" என்றேன். ஐந்து பேரும் வந்தார்கள். முதல் கால் மணியில் ஆளுக்கு இரண்டு துண்டை ஒட்டித் தைத்துவிட்டார்கள். தையல் கோணல்மாணல்தான். ஆனால் ஆறு பேரும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்த பார்வை இருக்கிறதே! உங்களிடம் புதிதாக வருகிறவள் கோணலாகவாவது ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டுதான் முதல் நாள் வீட்டுக்குப் போக வேண்டும். வகைகளை எல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி அந்தப் பெரிய விஷயம்.

அந்த ஆறு பேரில் செல்லம் என்றொரு பெண். இருபது வயது. முசிறியில் பிறந்தவள், கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவள். கை வேகம் என்றால் அப்படியொரு வேகம். கவனம்தான் கிடையாது. பேச்சு சுவாரசியத்தில் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். "செல்லம், ஊசி!" என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வேன்.

அவளுடைய அக்கா மரகதம் முசிறியிலேயே ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு குழந்தைகள் பிறந்து, பிறந்த மாதத்திலேயே தவறிப்போயின. மூன்றாவதாக ஓர் ஆண் குழந்தை. நல்லபடியாக மாதம் தாண்டியது. தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் செல்லம் கூடத்தில் நின்று ஒரு குதி குதித்தாள்.

"டீச்சர், நாம எல்லாரும் சேர்ந்து தொட்டிலுக்கு ஒரு துண்டு மெத்தை தைச்சுக் குடுக்கலாமா?"

ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் துண்டுத் துணி கொண்டுவந்தார்கள். மூன்று வாரம் தைத்தோம். கிளிப்பச்சை, மஞ்சள், மாமி கொண்டுவந்த அரக்கு. அழகாக வந்தது. பெயர் வைக்கிற வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை வகுப்பில், கடைசி ஓரம் அடித்து முடித்தோம். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று செல்லம் பறந்தாள். ஒருத்தி மடித்தாள், ஒருத்தி பையில் வைத்தாள், எல்லோரும் வாசல்வரை போய் வழியனுப்பினோம். கூடம் கல்யாண வீடு மாதிரி கலகலவென்று இருந்தது.

ஊசியை நான் எண்ணவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேறொரு வேலைக்காகச் சிவப்புத் திண்டை எடுத்தேன். ஊசிகளை அதில்தான் குத்தி வைப்பது வழக்கம். பன்னிரண்டு இருக்க வேண்டும்; பதினொன்றுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். பாயை உதறினேன், கூடத்தைப் பெருக்கினேன், துண்டுத் துணி மூட்டையைக் கொட்டிப் பிரித்தேன். வீதியில் இருந்த நாலு பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. கடைசியாக மாமி வீட்டுக்குப் போனேன். அதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள்.

மாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செல்லம்தான். வேற யாரு? உள்ள வெச்சே தைச்சிருப்பள்."

எனக்கும் அதே நினைப்புதான். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை. பஞ்சுக்குள் ஊசி. இதற்குமேல் எனக்கு யோசிக்கவே பயமாக இருந்தது.

"காலம்பற முதல் பஸ்ல போயிடறேன் மாமி."

"தனியாவா? நானும் வரேன். ஆனா ஒண்ணு. நாளும் கிழமையுமா அங்க போய் ஊசின்னு வாயைத் திறக்காதேள். ஏற்கனவே ரெண்டு பறிகொடுத்தவா. அபசகுனம்னு பிடிச்சுண்டுடுவா. பழி செல்லம் தலையில விடியும். ஓரத்துல தையல் விட்டுப் போச்சு, சரி பண்ணித் தரோம்னு சொல்லி நைசா வாங்கிண்டு வந்துடலாம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி, பஸ் நன்றாகத்தான் போயிற்று. குணசீலம் நெருங்கும்போது டயர் போய்விட்டது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி டயர் மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாழை. பார்க்க எவ்வளவோ இருந்தும் நான் செல்லத்தைத் திட்டுவதற்கான வார்த்தைகளைத்தான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

முசிறியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனோம். வாசலில் வாழை கட்டியிருந்தது. உள்ளே நாற்பது ஐம்பது பேர். கூடத்தின் நடுவில் மரத் தொட்டில். அதில் எங்கள் துண்டு மெத்தை விரித்திருந்தது. மரகதத்தின் மாமியார் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தித் தொட்டிலுக்கு மேலே கொண்டுபோய்விட்டார். இறக்க வேண்டியதுதான் பாக்கி.

நைசாக வாங்குவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

"போடாதீங்க! கொழந்தைய அதுல போடாதீங்க!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமியார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார். "யாரும்மா நீங்க? நல்ல காரியம் நடக்கிற எடத்துல இப்பிடி வந்து கத்துறீங்க?"

செல்லம் மூலையிலிருந்து ஓடி வந்தாள். "அத்தே, எங்க டீச்சர்!"

மாமி என் முழங்கையை அழுத்தினார். தையல் விட்டுப் போச்சு என்று சொல்லிவிடு என்பதுதான் அதற்கு அர்த்தம். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் தையல் விட்ட மெத்தையில் குழந்தையைப் போட்டால் என்ன கெட்டுவிடும்? அப்புறம் சரி பண்ணிக்கலாம் என்று அவர்கள் போட்டுவிட்டால்? அந்தப் பொய்யால் குழந்தையைக் காப்பாற்ற முடியாது என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

"இந்த மெத்தையைத் தைச்சு முடிச்சப்புறம் ஒரு ஊசியைக் காணோம். இதுக்குள்ள இருக்கலாம். எண்ணிப் பாத்து அனுப்பவேண்டியது என் வேலை. நான் எண்ணல. தப்பு என்னோடது. செல்லத்துக்கு ஒண்ணும் தெரியாது."

 யாரோ ஒரு பெண் முணுமுணுத்தாள். இன்னொருத்தி "ரெண்டு போனது போதாதா?" என்று வாய்விட்டே சொன்னாள். செல்லத்தின் முகம் வெளுத்துப் போயிற்று.

அப்போது மரகதம் எழுந்து வந்தாள். மாமியார் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பச்சை உடம்பு; குரலும் மெதுவாகத்தான் வந்தது.

"டீச்சர், இதச் சொல்லவா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்க? பிரிங்க. இங்கயே பிரிச்சுப் பாத்துருங்க. நேரம் போறதுக்குள்ள என் புள்ளைய வேற துணியில போடுறேன்."

அவளுடைய மாமனார், நல்ல உயரமான மனிதர், தோளில் கிடந்த புது வேட்டியை உதறி நாலாக மடித்துத் தொட்டிலில் விரித்தார். நல்ல நேரத்திலேயே குழந்தையைப் போட்டார்கள், பெயர் வைத்தார்கள். அந்தப் பக்கம் தாலாட்டு. இந்தப் பக்கம் நானும் மாமியும் முன்கட்டில் உட்கார்ந்து, மூன்று வாரத் தையலைக் கத்தரிக்கோலால் அறுத்துக்கொண்டிருந்தோம். பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாகக் கிள்ளிப் பார்த்தோம். முடியும்போது மாமியின் தலையில் பாதிப் பஞ்சு. வந்திருந்த குழந்தைகள் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தன. காந்தம் வைத்துத் தேடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது என் தையல் பெட்டியில் ஒரு காந்தம் இருக்கிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

ஊசி இல்லை.

மாமனாரிடம் போய், "இல்லீங்க. வீணா எல்லாரையும் கலவரப்படுத்திட்டேன்" என்றேன்.

"என்னம்மா நீங்க! இல்லாம போனதுக்கு யாராவது வருத்தப்படுவாங்களா?" என்று சிரித்தார். "சாப்பிடுங்க மொதல்ல. அப்புறம் அதைத் திரும்பத் தைச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும். எங்க வீட்டுப் பொம்பளைங்களும் ஒக்காருவாங்க."

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது செல்லம் அங்கே நின்றிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். பஸ்ஸில் அடுக்கி வைத்த வார்த்தைகள் வாயில் வந்து நின்றன.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உன்னாலதான இவ்வளவும்? எங்க போட்டே அந்த ஊசிய?"

"நான் திண்டுலதான் குத்தினேன் டீச்சர். சத்தியமா."

"பொய் சொல்லாத செல்லம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூடத்தில் ஐம்பது பேர் முன்னால் பழியை நான் ஏற்றுக்கொண்டேன் அல்லவா? அதனால் கொல்லையில் தனியாக அவளைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அந்த வீட்டுப் பெண்கள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். வந்ததும் என்னை முறைத்த மாமியார்தான் முதலில் கையை நீட்டினார். "எனக்கும் ஒரு ஓரம் குடுங்க." முதல் தடவையாகத் தைக்கிறவர் என்று சொல்ல முடியாது, அத்தனை சீரான தையல். இந்த முறை ஊசியை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கினேன். முடிந்ததும் மாமனார் மெத்தையைத் தரையில் விரித்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, வெற்று முதுகோடு அதில் படுத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டார்.

"பேரனுக்கு முன்னாடி நான் படுத்துப் பாத்துட்டேன். ஒண்ணும் குத்தல. தூக்கிட்டு வா மரகதம்!"

வீடே சிரித்தது. குழந்தை அதில் கிடந்து கைகாலை உதைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

சனிக்கிழமை காலை. பல் தேய்த்துவிட்டு வந்து, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். முந்தின நாள் அவசரத்தில் தாள் கிழிக்கவில்லை. வியாழக்கிழமைத் தாளைக் கிழித்தேன். அடியில் வெள்ளிக்கிழமைத் தாள். அதில் குறுக்காகக் குத்தியபடி, பளபளவென்று, பன்னிரண்டாவது ஊசி.

எல்லாம் ஞாபகம் வந்தது. புதன்கிழமை மத்தியானம் செல்லம், "டீச்சர், வெள்ளிக்கிழமை நல்ல நேரம் எப்பன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டாள். ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். நூலை அறுத்து, ஊசியும் கையுமாக எழுந்து போய்த் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். நேரத்தைச் சொல்லிவிட்டு, கையில் இருந்ததை அந்தத் தாளிலேயே குத்தியிருக்கிறேன். மேல் தாள்கள் விழுந்து மறைத்துவிட்டன.

ஊசியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். முசிறியில் தப்பு என்னோடது என்று பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைத்திருந்தேன். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். கொல்லையில் சொன்னதுதான் பொய்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஊசியைத் திண்டில் குத்திவிட்டால் பன்னிரண்டு ஆகிவிடும். எங்கேயோ கிடந்தது என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. டீச்சர் என்கிற மரியாதையும் அப்படியே இருக்கும். புதன்கிழமைவரை அந்த யோசனை என்னைவிட்டுப் போகவில்லை. குழந்தையின் உயிர் என்று வந்தபோது ஐம்பது பேர் முன்னால் ஒரு நொடியில் வாய் திறந்தது. இப்போது யாருக்கும் ஆபத்தில்லை. ஆறு பேரிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று.

செல்லம் வருவாளோ மாட்டாளோ என்றிருந்தேன். வந்தாள். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள், அன்று வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் யாருக்கும் துணி கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளையும் ஊசியையும் எடுத்து நடுவில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"உன்னை நம்பாம, பொய் சொல்லாதன்னு வேற சொன்னேன் செல்லம். தப்பு. மன்னிச்சிடு."

 ரங்கநாயகி மாமி தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் சேர்த்து மன்னிச்சுடுடீம்மா. உன் பேரை முதல்ல சொன்னவளே நான்தான்."

செல்லம் ஊசியை எடுத்துப் பார்த்தாள். தாளில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

"டீச்சர், அப்ப இனிமே உங்க ஊசியையும் நாங்க எண்ணலாமா?"

"எண்ணு" என்றேன்.

அன்று சாயங்காலம் கதவை ஒட்டி நின்றுகொண்டு அவள்தான் எண்ணினாள். மற்ற ஐந்து பேரிடமும் கைநீட்டி வாங்கினாள். கடைசியில் என்னிடம் வந்து, கையை விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.